என் கார் கோபித்துக்கொண்ட நாள்

என் காருக்குக் காது கேட்கும் என்று நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று, இரண்டு பட்டம் வாங்கியவன், அலுவலகத்தில் என் கீழே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் போன வருடம் ஜனவரிக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில், கோட்டும் டையுமாக நின்று அந்தக் காரைத் தடவி மன்னிப்புக் கேட்டேன். பின்சீட்டில் கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

கார் என்னைவிட வயதில் மூத்தது. வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் இருந்த தொழிற்சாலையில் பிறந்தது. கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்புறம், அதன் மேலே சுரைக்கொடி படர்ந்து காய்த்திருந்த நிலையில் அதைக் கண்டுபிடித்தேன். "சுரைக்காய் பறித்துக்கொண்டு போகிறீர்களா, காரை எடுத்துக்கொண்டு போகிறீர்களா?" என்றுதான் அந்த வீட்டுக்காரர் கேட்டார். இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மனைவி சுரைக்காயை மட்டும் உள்ளே அனுமதித்தார்.

நான்கு வருடம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று என் வாழ்க்கையில் இல்லை. துருவைச் சுரண்டினேன், ஒன்றன்மேல் ஒன்றாக அடித்திருந்த ஐந்து பெயின்ட்டை உரித்தேன். அடியில் அதன் சொந்த நிறம், இளம் பச்சை, தெரிந்தபோது தெருவே கேட்கக் கத்தினேன். பம்மலில் ஒரு சின்ன பட்டறையில் கதவுக் கைப்பிடிகளை வார்த்து வாங்கினேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் கொட்டிக் கிடக்கும் பழைய இரும்புக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்து, ஹெட்லைட் வளையம், கடிகாரம், திருகி மூடுகிற மாதிரி ஒரு அழகான பித்தளைக் குழாய் எல்லாம் பொறுக்கி வந்தேன். அந்தக் குழாயை டிரைவர் சீட்டுக்கு அடியில், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற வழியில் பொருத்தினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் செய்கிற வேலைதான் இது. இந்த வண்டிகளின் பூட்டைத் திறக்கத் திருடனுக்கு ஹேர்பின் போதும். ஆனால் குழாயை மூடிவிட்டால், கார்புரேட்டரில் மிச்சம் இருக்கிற பெட்ரோலில் தெருமுனை வரைக்கும் போவான், அப்புறம் நிற்பான். திருடன் நடுரோட்டில் முழிக்கப்போகிற காட்சியை நினைத்து நினைத்து நான் தனியாகச் சிரித்ததுண்டு.

அலுவலகத்தில் இருபது வருட நண்பர் ஒருவர். அவர் மகளுக்குக் கல்யாணம். வீடு பம்மல், சர்ச் கிழக்குத் தாம்பரம், நேரம் காலை பத்து. அந்தப் பெண்ணுக்கு என் காரில்தான் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று ஆசை. நண்பருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அதே சர்ச்சில் பதினொன்றரைக்கு இன்னொரு கல்யாணம் இருக்கிறது, போதகர் பத்து என்றால் பத்துதான் என்பார், பேசாமல் ஏ.சி. போட்ட புதுக் கார் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் மார்பைத் தட்டிக்கொண்டு, அந்தக் கார் என் கையை அறியும், நான் சொன்னால் கேட்கும், முழுப் பொறுப்பும் என்னுடையது என்றேன். மனிதர் சரி என்றுவிட்டார். இருபது வருடத்தில் அவர் என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை.

கல்யாணத்தன்று காலையில் பெண் வீட்டு வாசலில் காரைச் சுற்றி ஒரே கூட்டம். உறவுக்காரர் ஒருவர், இதை விற்பீர்களா என்று கேட்டார். நானும் பெரிய மனுஷத் தோரணையில், நல்ல ஆள் வந்தால் கொடுத்துவிட வேண்டியதுதான், எத்தனை நாள்தான் கட்டிக்கொண்டு அழுவது என்று சொல்லிவைத்தேன். காரின் மேல் கையை ஊன்றியபடி சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புறப்பட்டோம். முன்சீட்டில் நண்பர், பின்சீட்டில் வெள்ளைப் பட்டும் தலையில் நெட் முக்காடுமாக அவர் மகள். பல்லாவரம் தாண்டும்போது வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடியது. பஸ்ஸில் இருந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் தேவைக்கு மேல் ஹாரன் அடித்தேன். குரோம்பேட்டையில் ஒரு பூக்கடையில் பூச்செண்டு சொல்லி வைத்திருந்தது. நண்பர் இறங்கி வாங்கப் போனார். நாலு பேர் காரை வேடிக்கை பார்க்க வந்ததால் நானும் இறங்கி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காரின் வரலாற்றைச் சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும். மறுபடி ஏறிக் கிளப்பினேன். சாவியை ஒரு தடவை திருப்பியதுமே கிளம்பியது. அரை கிலோமீட்டர் போயிருப்போம். இரண்டு தும்மல் தும்மியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினேன். கர்ர்ர் என்றது. இன்னொரு முறை. கர்ர்ர். பெட்ரோல் முள் முழு டேங்க் காட்டியது. அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் வந்தது: காலையில் விற்றுவிடுவேன் என்று சொன்னதை இது கேட்டிருக்கிறது.

இறங்கிப் போய், பெண்ணுக்குக் கேட்காத குரலில், சும்மாதான் சொன்னேன், உன்னை யாருக்கும் கொடுக்க மாட்டேன், மன்னித்துவிடு என்றேன்.

பின்சீட்டு ஜன்னலிலிருந்து கல்யாணப் பெண் தலையை நீட்டினாள். "அங்கிள், நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அதுக்குக் கேட்டுச்சான்னு தெரியல."

இந்தக் காரின் பானெட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் பிளந்த மாதிரி அப்படியே எழும். அது எழுந்ததும் ஊரே கூடிவிட்டது. கோட்டைக் கழற்றிக் காரின் கூரையில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். வெயிலில் பம்ப் சூடாகியிருக்கும் என்று கல்யாணப் பெண்ணுக்கு வைத்திருந்த குடிதண்ணீரை அதன் தலையில் ஊற்றினேன். ஜனவரி மாதக் காலையில் என்ன வெயில் என்று யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. பிளக்கைக் கழற்றி ஊதினேன், துடைத்தேன், மாட்டினேன். எங்கள் பழைய கார் வாட்ஸ்அப் குழுவில் ஆபத்து என்று செய்தி போட்டேன். பதிமூன்று பேர் பதிமூன்று காரணம் சொன்னார்கள். ஒருவர் குட்மார்னிங் போட்டார்.

நண்பர் கையில் பூச்செண்டோடு சாலை ஓரமாக நின்றார். கடிகாரத்தைப் பார்ப்பதும், நான் திரும்பினால் பார்க்காத மாதிரி இருப்பதுமாக இருந்தார். மணி ஒன்பதரை.

அப்போது தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்று ஓரம் கட்டியது. உள்ளே நாலைந்து பேர். காக்கிச் சட்டை போட்ட டிரைவர் இறங்கி வந்து, என்னை நகரச் சொல்லாமலே நகர வைத்து, பம்புக்கு வருகிற ட்யூபைப் பிடுங்கிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"பெட்ரோலே வர்ல சார். பின்னால எங்கியோ அடைச்சிகினு கீது. அங்கேர்ந்து பாத்துகினு வா."

கார் வைத்திருப்பவன் நான். நான்கு வருடம் அதை ஆணி ஆணியாகக் கழற்றி மாட்டியவன் நான். ஷேர் ஆட்டோக்காரர் எனக்குச் சொல்லித் தருவதா? கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது உங்க ஆட்டோ மாதிரி இல்லப்பா. அறுபது வருஷத்து வண்டி. இதுக்குன்னு ஒரு மனசு இருக்கு" என்றேன்.

"மனசு இருந்துட்டுப் போவட்டும் சார். பெட்ரோல் வரணும்ல?"

நான் பதில் சொல்வதற்குள் பின்கதவு திறந்தது. கல்யாணப் பெண் நெட்டை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி வந்தாள். அவள் என்னைக் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. நேராக டிரைவரிடம் போனாள்.

"அண்ணா, கிழக்குத் தாம்பரம் சர்ச் வரைக்கும் வருவீங்களா?"

"நம்ம ரூட்டு ஸ்டேஷனோட சரிம்மா. கல்யாணத்துக்கு இன்னா ரூட்டு? ஏறு."

உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு கல்லூரிப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். கீரைக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா, "அந்தத் துணி அழுக்காயிடும், இப்டி சுருட்டிக் குடு கண்ணு" என்று நெட்டை வாங்கித் தன் கூடையின் மேல் பூப்போல விரித்துக்கொண்டார். நண்பர் டிரைவருக்குப் பக்கத்தில் அரை இருக்கையில் ஒண்டிக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் திட்டுவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. "பாத்து வா மச்சான்" என்றார். ஆட்டோ போய்விட்டது.

வேடிக்கை பார்த்த கூட்டமும் கலைந்தது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். பூ கட்டிய பச்சைக் காரோடு நான் மட்டும். இன்னும் பத்து நிமிடம் ஏதேதோ திருகிப் பார்த்துவிட்டு, இனி முடியாது, காரை இங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தாவது சர்ச்சுக்குப் போய்ச் சேரலாம் என்று முடிவு செய்தேன். பானெட்டை மூடினேன். கண்ணாடிகளை ஏற்றுவதற்காக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். காரை நிறுத்திவிட்டு இறங்குமுன் எப்போதும் செய்வதுபோல என் இடது கை தானாகச் சீட்டுக்கு அடியில் போனது, திருடனுக்காகக் குழாயை மூட.

குழாய் ஏற்கெனவே மூடியிருந்தது.

பூக்கடையில் வரலாறு சொல்ல இறங்கியபோது இதே கை மூடியிருக்கிறது. மூன்று வருடப் பழக்கம். மூடிய கை மூளைக்கு ஒரு தகவல்கூடச் சொல்லவில்லை. நான் காத்திருந்த திருடன் கடைசியில் வந்தே விட்டான். கோட்டு போட்டிருந்தான், டை கட்டியிருந்தான், நடுரோட்டில் நான் நினைத்ததைவிட நன்றாகவே முழித்தான்.

திறந்தேன். சாவியைத் திருப்பினேன். நாலைந்து தடவை கர்ர்ர் என்றுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தையல் மெஷின் சத்தம்.

சர்ச் வாசலில் என் மனைவி நின்றிருந்தார். பெண் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள், அவள் நெட்டில் ஒட்டியிருந்த முளைக்கீரை இலையைத் தானே எடுத்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே பாட்டு கேட்டது. நான் கடைசி பெஞ்சில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து, அன்றைக்கு வேறு யாரையும்விட உருக்கமாக ஜெபம் செய்தேன்.

நியாயமாக அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிரியாணிப் பந்தியில் நண்பர் என் தோளில் கை போட்டு, நடுரோட்டில் தனியாளாக நின்று வண்டியைச் சரி செய்து கொண்டுவந்துவிட்டான் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்டார். கார்புரேட்டரில் தூசி என்றேன். அதோடு நிறுத்தினேனா? ஒரு எலும்பைக் கார்புரேட்டராகவும் கத்தரிக்காயைப் பம்பாகவும் வைத்து விளக்கம் கொடுத்தேன். எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த ஷேர் ஆட்டோ டிரைவர். கல்யாணப் பெண் கட்டாயம் சாப்பிட வரவேண்டும் என்று சொல்லியிருந்தாளாம்.

கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு டவுட்டு சார். கார்புரேட்டர்ல தூசின்னா, பம்புக்கு வர்ற ட்யூப் ஏன் காஞ்சி கெடந்துச்சி?"

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. குழாய் விஷயத்தை முழுவதும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"எவ்ளோ நேரம் தேடுனே?"

"அரை மணி நேரம்."

"நான் ரெண்டு நாளு சார். ஆட்டோவ எவனும் தூக்கிகினு போவக் கூடாதுன்னு டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு சுவிட்சு வெச்சேன். மெக்கானிக்கு ஒயரு பூரா பிரிச்சிப் போட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சி. வூட்ல இன்னும் சொல்லல."

கையை உதறிவிட்டு வெளியே போனார். வாசலில் நண்பர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாருக்குத்தான் சார் பெரிய வேல" என்றார். காலையில் நான் மனசு இருக்கிற கார், மனசு இல்லாத ஆட்டோ என்று பேசியதெல்லாம் அப்போது காதுக்குள் ஒலித்தது.

அந்தக் கார் இப்போதும் நன்றாக ஓடுகிறது. நான் அதனோடு பேசுவதையும் விடவில்லை. வண்டி நின்றால் மட்டும் முதலில் சீட்டுக்கு அடியில் கையை விடுகிறேன், அப்புறம்தான் மன்னிப்பு. நண்பரும் இன்றுவரை பார்ப்பவர்களிடமெல்லாம் என் மெக்கானிக் திறமையைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இந்தப் பத்திரிகைப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர், அதனால் இங்கே எழுதுகிறேன். மச்சான், உன் மகள் கல்யாணத்தன்று கார் கெடவே இல்லை. பெட்ரோல் குழாயை மூடியது நான்.