கணையத்துக்கு ஒரு அத்தியாயம்

என் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் காமாலை வந்துபோகாத வீடே இல்லை. லாரித் தண்ணீரைக் குடித்து வாழ்கிற தெரு அது. அவருடைய அம்மா, என் அத்தை, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். எண்ணெயை நிறுத்தினார். எல்லாருக்கும் இறங்குவதுபோல இவருக்கும் இறங்கிவிடும் என்று இருந்தோம்.

இறங்கவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கண்ணும் தோலும் மட்டும் நாளுக்கு நாள் மஞ்சளேறின. உடம்பெல்லாம் அரிப்பு. வீட்டின் பின்னால் தம்பியோடு சேர்ந்து விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், நூல் தீர்ந்த அட்டைக் கோனை எடுத்து முதுகைச் சொறிந்தபடியே தறிகளுக்கு நடுவில் நடப்பார். சட்டையில் ரத்தக் கோடுகள் இருக்கும். வேட்டி இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கேனைப் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் நிதானமாகப் பேசினார். "பித்தம் இறங்குற குழாயை ஒரு கட்டி வெளிய இருந்து அமுக்குது. கட்டி இருக்குறது கணையத்தோட தலைப்பக்கம். எடுத்துரணும். பெரிய ஆபரேஷன். வீட்ல பேசிட்டுச் சீக்கிரம் சொல்லுங்க."

வீட்டில் பேசினோம். பேசினோம் என்ன, ஆளாளுக்குப் பயந்தோம். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கத்தி படாமலே செத்தவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் கொழுந்தன், "மதினி, ராமநாதபுரம் பக்கம் ஒருத்தர் வேரு கொடுக்காராம். ஒரு மண்டலம் பாத்துட்டு அப்பறம் அறுப்போமே" என்றான். அத்தை என் முகத்தையே பார்த்தார். "படிச்சவ நீதான தாயி. நீ சொல்றதுதான்."

நான் படித்தது தமிழ். திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கணையம் என்ற சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரியும். அது உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதுவரை தெரியாது.

போனில் தேடினேன். ஒரு வீடியோவில் ஒருத்தர் இன்னும் எத்தனை மாதம் இருப்பார்கள் என்று கணக்குச் சொன்னார், இன்னொருத்தர் பப்பாளி இலை சொன்னார். இரண்டையும் அழுதுகொண்டே பார்த்தேன். டாக்டர்கள் எதைப் படித்துவிட்டு அறுக்கிறார்களோ அதையே படித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. மருந்து வாங்க மதுரைக்குப் போன அன்று ஒரு பழைய புத்தகக் கடையில் ஏறினேன். சர்ஜரி புத்தகம், பெரியதாக, என்று கேட்டேன். கடைக்காரர் அடுக்கின் அடியிலிருந்து இரண்டு தொகுதிகளை உருவி, தூசியைத் தட்டி மேஜையில் வைத்தார்.

"பிள்ள மெடிக்கல் படிக்கா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆமாம் என்றேன்.

பஸ்ஸில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொடை மரத்துப்போனது. காரியாபட்டி தாண்டி வெறும் கருவேலங்காடாக ஓடும்போது பொருளடக்கத்தைத் திறந்தேன். ஸ்கேன் அறிக்கையில் இருந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டே விரலை இறக்கினேன். இரண்டாம் தொகுதியில் கணையத்துக்கென்று தனி அத்தியாயம் இருந்தது. அதைக் கண்டதும் ஏதோ ஆறுதல். எழுதிவைத்திருக்கிறார்கள் என்றால் தெரிந்த நோய்தான், தெரிந்த நோய் என்றால் வழி இருக்கும் என்று நினைத்தேன்.

திருச்சுழி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், ஓய்வுப் பாடவேளையிலும் படித்தேன். முதல் நாள் அரைப் பக்கம்கூட நகரவில்லை. வீட்டு அகராதியில் அந்தச் சொற்களில் பாதி இல்லை. போனில் ஒவ்வொன்றாகப் போட்டு, தமிழில் எழுதி, பிறகு வாக்கியத்தைச் சேர்த்தேன். எனக்கு முன்னால் அதை வைத்திருந்த மாணவன் யாரோ பரீட்சைக்கு வருகிற வரிகளில் சிவப்புக் கோடு போட்டிருந்தான். என் கணவரின் அரிப்பைப் பற்றிய வரியில் கோடு இல்லை. வலியில்லாமல் வரும் மஞ்சள், வெளிறிய மலம், உடல் மெலிவு என்று அவரை நேரில் பார்த்து எழுதியதுபோல அடுக்கியிருந்தார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் எல்லாரும் நோயாளிதான். ஒருத்தருக்கும் வீடு இல்லை, பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

என் கணவர் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டர் பரீட்சைக்கா படிக்க? என்னையப் பத்தி என்ன போட்டுருக்கு?"

"ஆபரேஷன் எப்படிப் பண்ணுவாகன்னு போட்டுருக்கு."

"காட்டு."

படம் இருந்த பக்கத்தை அவர் மார்பில் விரித்துக் காட்டினேன். இரைப்பைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் இலைபோலக் கணையம் கிடந்தது. சிவப்பில் ஒரு குழாய், நீலத்தில் ஒரு குழாய்.

"இதுவா? இம்புட்டூண்டா இருந்துக்கிட்டு இந்தப் பாடு படுத்துது?" என்றார். பிறகு படத்தை வெகுநேரம் பார்த்தார். "இத்தனையும் வெட்டி, திரும்ப இத்தனையும் ஒட்டணுமா?"

"ஆமா."

"அறுந்த இழைய முடியுற மாதிரி."

நான் புத்தகத்தை வாங்கி மூடினேன்.

யாருக்கு அறுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஒரு பகுதி இருந்தது. கட்டி பெரிய ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருந்தால் அறுக்கக் கூடாதாம். எங்கள் ஸ்கேன் அறிக்கையில் அந்தக் குழாயைக் கட்டி தொட்டுக்கொண்டிருப்பதாக ஒரு வரி. தொடுவதற்கும் வளைப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அந்த ஒரு சொல்லில் என் உயிர் ஊசலாடியது. வகுப்பில் பெயரெச்சம் நடத்திக்கொண்டிருக்கும்போது தொடுதல், வளைத்தல் என்று மனதில் ஓடும். பாடத்தை எங்கே விட்டேன் என்று பிள்ளைகள்தான் எடுத்துக்கொடுப்பார்கள்.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனபோது இரண்டாம் தொகுதியைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மேஜையில் அதை வைத்ததும் அவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இதைப் படிச்சுத்தாம்மா நானும் பாஸ் பண்ணேன்" என்றார். "நீங்க என்ன பண்றீங்க?"

"தமிழ் டீச்சர்."

பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் ஸ்கேனை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா நுனியால் ஒரு சாம்பல் நிழலைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இடைவெளி இருக்கு பாருங்க. எடுக்கலாம்னுதான் தோணுது. ஆனா டீச்சர், புத்தகத்துல கலர் கலரா, தனித்தனியா போட்டுருப்பாங்க. உள்ள அப்படி இருக்காது. தொறந்து கையை வச்சுப் பாத்தாத்தான் முழுசாத் தெரியும். ஸ்கேன்ல தெரியாத சின்னப் புள்ளி ஈரல்ல இருந்துச்சுன்னா எடுக்க முடியாது. அதையும் நீங்க படிச்சிருப்பீங்க."

படித்திருந்தேன். திறந்ததும் முதலில் ஈரலையும் சுற்றியுள்ள சவ்வையும் தடவிப் பார்க்க வேண்டும், அங்கே புள்ளிகள் இருந்தால் மேலே போகக் கூடாது என்று போட்டிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்யலாம் என்று பின்னால் சில பக்கங்கள் இருந்தன. அவை வேறு யாருக்கோ என்று நினைத்துப் படிக்காமல் புரட்டியிருந்தேன்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் சொன்னேன். கையெழுத்தும் நானே போட்டேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மஞ்சள் உடம்பின் மேல் பச்சைத் துணி. கதவு மூடும்போது "சாப்புடாம இருக்காத" என்றார். நானும் அத்தையும் கொழுந்தனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த ஆபரேஷன் அவ்வளவு லேசில் முடியாது, காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். என்னென்ன வெட்டுவார்கள், எதை எதோடு சேர்ப்பார்கள் என்று வரிசை மனப்பாடமாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கூடவே போனேன். இப்போது தோலைத் திறப்பார்கள். இப்போது ஈரலைத் தடவுவார்கள். அந்த இடத்தில் மனம் நின்றது. அதை அங்கிருந்து நகர்த்திவிட்டேன். குடலை விலக்குவார்கள், நீலக் குழாயிலிருந்து கட்டியைப் பிரிப்பார்கள் என்று மேலே போய்க்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கதவு திறந்தது. டாக்டர் வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது.

அத்தை எழுந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? ஆத்தா, நீ கண்ணத் தொறந்துட்டத்தா!" என்று கும்பிட்டார். கொழுந்தன் என் பக்கம் திரும்பி, "பாத்தீகளா மதினி, சாயங்காலம் ஆவும்னு பயங்காட்டுனீகளே" என்று சிரித்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

நான் பெஞ்சை விட்டு எழவில்லை. அந்த நேரத்துக்குள் எதை எடுத்திருக்க முடியும், எதை எடுத்திருக்க முடியாது என்று அந்தத் தாழ்வாரத்தில் டாக்டரை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். என் கணவர் செத்துப்போவார் என்பதை, டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டேன். அத்தை சந்தோஷமாக இருந்த அந்தச் சின்ன நேரம் இருக்கிறதே, அதைப் போல ஒரு கொடுமையை நான் அனுபவித்ததில்லை. நானும் ஒன்றும் தெரியாதவளாக அவரோடு சேர்ந்து கும்பிட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "ஈரல்ல இருக்கு டீச்சர். பொடிப் பொடியா. கட்டியைத் தொடல. பித்தம் போறதுக்கு வேற வழி போட்டுவிட்டுருக்கேன். அரிப்பு நிக்கும், சாப்பாடு இறங்கும்."

"நல்லதுதான சொல்றாரு?" என்று அத்தை கேட்டார். நான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

என் கணவருக்கு யார் சொல்வது என்று கொழுந்தனும் நானும் சண்டை போட்டுக்கொண்டோம். சொல்லவே வேண்டாம் என்றான் அவன். ஆனால் அவர் தேறி எழுந்து உட்கார்ந்த நாளில் என்னையே கேட்டார். நாங்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற தறிக்காரக் குடும்பம், வெளியில் தமிழ் மட்டும்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் புரியாமலிருக்கக் கன்னடத்திலேயே கேட்டார்.

"எடுத்துட்டாங்களா?"

எங்கள் கன்னடத்தில் சோறு, நூல், கல்யாணம், சண்டை எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. நான் படித்துத் தெரிந்துகொண்ட எதற்கும் இல்லை. "இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ அது உள்ளதான் இருக்கா?"

"இருக்கு."

"பின்னே எதுக்கு இவ்வளவு பெரிய தையல்?"

குழாயை மாற்றி விட்டிருப்பதைச் சொன்னேன். அடைபட்ட இடத்துக்கு மேலேயே வெட்டி, குடலோடு சேர்த்திருக்கிறார்கள் என்று விரலால் போர்வையில் வரைந்து காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். தறியில் எது பழுதானாலும் அப்படித்தான் கேட்பார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் முதுகில் கை வைத்தபோது தட்டிவிட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என் கையைத் தட்டிவிட்டது அந்த ஒரு தடவைதான்.

அரிப்பு நின்றது. மஞ்சள் இறங்கியது. ஊருக்கு வந்ததும் பார்த்தவர்கள் எல்லாம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம்பினார்கள். அவரும் சட்டை போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போய் நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வரச் சொல்லி, நன்றாகச் சாப்பிட்டார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "டாக்டரு தப்பாச் சொல்லிருக்கலாம்லடி?" என்று அடுப்படியில் வந்து கேட்டார். இருக்கலாம் என்றேன். எனக்கும் அன்று அப்படித் தோன்றத்தான் செய்தது.

கட்டி மேலும் பரவாமலிருக்க ஊசி மருந்து கொடுத்தார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறும் மாதத்தில் முதுகுவலி வந்தது. நடு முதுகில் கடப்பாரையை இறக்கியதுபோல இருக்கிறது என்பார். படுக்க முடியாது, தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தே இருப்பார். நான் மறுபடி அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். வலிக்கு என்ன செய்வது, சோறு இறங்காதவருக்கு என்ன கொடுப்பது, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று தேடினேன். அறுப்பதற்கும் தைப்பதற்கும் எத்தனையோ பக்கங்கள் எழுதியவர்கள் வலியை ஒரு பத்தியில் முடித்திருந்தார்கள். இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, முதல் தொகுதியிலும் போய்த் தேடினேன். இவர் அந்தப் புத்தகத்தில் இல்லை. புத்தகம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வலி மாத்திரையின் அளவை டாக்டர் போனில் கூட்டிச் சொன்னார். ஒரு நாள் வலி கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில், "இன்னும் எம்புட்டு நாளுனு அதுல போட்டுருக்கா?" என்று கேட்டார் என் கணவர்.

"போடல."

நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியாது. "சரி, ஃபேனைக் கூட்டி வையி" என்றார்.

ஆனிக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், கொழுந்தன் அவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அவன் அது தெரியாமல், "அண்ணே, சாஞ்சுக்கோ, சாஞ்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தெருவில் மண் பறந்தது. பந்தல் போட வந்தவர்கள் துணியைக் கட்ட முடியாமல் நெடுநேரம் திணறினார்கள்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது யாரோ சொன்னார்கள்: "அன்னைக்கே சொன்னோம். கத்தி வச்சுத்தான் கெடுத்தாக." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஈரலில் முன்பே இருந்தது, கத்தி வைக்காமல் இருந்தாலும் இருந்திருக்கும் என்று எனக்குப் பாடமாகத் தெரியும். வாயைத் திறந்தேன். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரும் என் பதிலுக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன்.