அவள் கண்டுபிடித்த இரண்டு டைமண்ட்

என் மனைவி அடுப்பில் பாலை மறந்தாள். பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வரிசையை விட்டுவிட்டு அடுத்த ஜாலானில், வேறு தெருவில் போய் நின்றாள். டாக்டரிடம் காட்டலாம் என்று மகள் சொன்னபோது நான் எரிந்து விழுந்தேன். "பிரிட்ஜ் ஆடுற ஆளுக்கு என்னா மறதி? சீட்டு ஞாபகம் இருக்கற வரைக்கும் ஒங்கம்மாவுக்கு ஒன்னும் இல்ல!"

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. கையில் இருப்பதை ஏலம் கேட்டுத்தான் ஜோடிக்குத் தெரிவிக்க வேண்டும். ஹார்ட்டும் ஸ்பேடும் ஐந்தைந்து வந்து, பெரிய சீட்டு இல்லாவிட்டால் தலைவலிதான். ஒன்றைச் சொல்வதற்குள் எதிராளிகள் ஏலத்தை ஏற்றிவிடுவார்கள். மற்றது சொல்லாமலே போய்விடும். கூலிம் ஃபாக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் என் மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். 'இரண்டு டைமண்ட்' என்று ஆரம்பிக்க வேண்டும். டைமண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹார்ட், ஸ்பேட் இரண்டும் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள் என்று அர்த்தம். நான்கு சீட்டு இருந்தாலும் கேட்கலாமே என்று நான் இழுத்தால் விடமாட்டாள்.

"அஞ்சும் அஞ்சும் இல்லன்னா வாயத் தொறக்காதீங்க."

போன மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு போட்டியில் ஆடினோம். எனக்கு அப்படியே ஐந்தைந்து வந்தது. ஆசையோடு இரண்டு டைமண்ட் கேட்டேன். பண்டார் பாருவிலிருந்து புதிதாக வந்திருந்த எதிராளி, ஆட்ட வழக்கப்படி, என் ஜோடியான அவளிடம் விசாரித்தார். "அக்கா, அண்ணன் கேட்டதுக்கு என்னா அர்த்தம்?"

"டைமண்ட் இருக்குன்னு அர்த்தம்லா. வேற என்னா?"

ஜோடி தவறாகச் சொன்னாலும் ஏலம் முடியும்வரை நான் பேசக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. அவள் மேலே கேட்காமல் 'பாஸ்' சொல்ல, மற்றவர்களும் விட, ஏலம் அங்கேயே முடிந்தது. ஆட்டம் எங்களுடையது என்று ஆனதால், முதல் சீட்டு விழுமுன் நானே திருத்தியாக வேண்டும். அதுவும் சட்டம்தான். அந்தச் சட்டத்தை எழுதியவன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

நடுவரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னிலையிலும் சரியான அர்த்தத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கே! யாரு யோசிச்சது?"

பக்கத்து மேசைக்காரர்களுக்குக்கூட அது யாருடையது என்று தெரியும். ஒருவரும் நிமிரவில்லை.

"நீதாம்மா."

"போங்க, கிண்டல் பண்ணாதீங்க."

திரும்பும்போது காரில், "அந்த ரெண்டு டைமண்ட நம்மளும் வச்சிக்கலாங்க. சொல்லிக் குடுங்க" என்றாள். முதலிலிருந்து சொன்னேன். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு போன் செய்து, டாக்டரிடம் நாள் வாங்கச் சொன்னேன்.