கடல் மீன் முள்ளும் நைலான் கயிறும்

1994 மே 14, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அக்னி நட்சத்திர வெயில், ஓர் இலைகூட அசையவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் கரண்ட் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருந்தோம். கடைகளில் விற்கும் தங்க மீன் இல்லை, கடல் மீன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறதென்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்ததால் வாங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோவளம் போய் நான்கு கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவருவேன். அப்படிப் போன ஒரு நாள், கரைக்கு வந்த வலையில் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட ஏழு குட்டிகளைப் பார்த்தேன். இருங்கெளுத்தி என்றார் வலைக்காரர். "முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு, மூணு முள்ளு கீது சார். குத்துச்சின்னா பேஜாரு. கைய கிய்ய வுட்டுடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொன்னேன். எட்டு மாதம் அவள் தொட்டிக்குள் கை விட்டதில்லை. ஏழு மீன்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பந்து போல உருளும். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள் அவள். "சம்பள நாள்ல எங்க செக்‌ஷன் இப்படித்தாங்க கேஷியரைச் சுத்தும்" என்று சிரிப்பாள்.

கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றுவிடும். மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்துவிடும். அதனால் பிளாஸ்டிக் மக்கில் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றுவோம். நூறு முறை அவள், நூறு முறை நான். நான்தான் எண்ணுவேன். அன்று அவள் முறை. அறுபத்து நான்கு எண்ணியிருந்தேன். வியர்வைக் கையிலிருந்து மக்கு நழுவி, தொட்டிக்குள் வைத்திருந்த பாறைக்குப் பின்னால் போய் விழுந்தது. யோசிக்காமல் அதை எடுக்கக் கையை விட்டாள்.

அந்த அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிரசவத்தின்போதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை. வலது ஆள்காட்டி விரலில் சின்னதாக இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஆனால் ஐந்து நிமிடத்தில் வலி முழங்கைக்கு ஏறிவிட்டது. முகம் வெளுத்து, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டுக் கீழிருந்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். அந்த ஊரின் பழைய குடும்பம். வயலெல்லாம் மனைகளாவதற்கு முன் ஏர் ஓட்டியவர். வரப்பில் எத்தனையோ பாம்பு பார்த்தவர், கடலை மட்டும் வேடிக்கை பார்க்கப் போனதோடு சரி. துணி காயப்போடும் நைலான் கயிற்றை அறுத்து வந்து என் மனைவியின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார்.

"இன்னாமா தங்கச்சி, ஒண்ணும் இல்ல, பயப்படாத. வெசம் மேல ஏறக் கூடாது, அவ்ளோதான்."

அவர் மனைவி ஃபிரிட்ஜில் பாதி உருகிக் கிடந்த ஐஸைக் கொண்டுவந்து விரலில் வைத்தார். வலி இன்னும் கூடியது.

ஆட்டோவில் சேலையூர் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஐந்து மணிக்குத்தான் வருவார் என்றார்கள். வேறு எங்கே ஓடுவது என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். கை ஊதிக் கருநீலமாகிவிட்டது. "ஏங்க, கயித்தையாவது கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்று அழுதாள். நான் முடிச்சில் கை வைத்ததும் வீட்டுக்காரர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சார், படிச்சவரு நீங்க. உசுரு வேணுமா வேணாமா?"

எனக்கு உயிர்தான் வேண்டும். கையை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு டாக்டர் வந்தார். முதல் வேலையாகக் கயிற்றை வெட்டினார். "ஐஸ் வெச்சீங்களா? இதுக்குச் சூடுதான் வேணும்" என்று வெந்நீர் வரவழைத்து, முதலில் நல்ல கையால் சூடு தாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி, பிறகு குத்துப்பட்ட கையை முக்கி வைத்தார். அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. வீட்டுக்காரர் வெளியே ஓடிப்போய் மூன்று கோலி சோடா வாங்கி வந்தார். பிழைத்தோம் என்று நினைத்தோம்.

நான்காம் நாள் விரல் கறுத்தது. அவளுக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். ஆறாம் நாள், விரலில் இரண்டு கணுவை எடுத்துவிட்டார்கள். அறுவை செய்த டாக்டர் எங்கள் இருவரிடமும் தனியாகச் சொன்னார். மீனின் விஷமும் காரணம், சர்க்கரையும் காரணம். ஆனால் ஒன்றேமுக்கால் மணி நேரம் ரத்தத்தை நிறுத்திய அந்தக் கட்டுதான் விரலைக் கெடுத்தது.

அந்த மனிதரைக் கேட்காமல் விடுவதில்லை என்றேன்.

"நீங்க ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாள்.

அன்று மாலை அவர் சாத்துக்குடிப் பையோடு வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்க்க முடியாமல் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நான் கட்னது கரெக்ட்தானே தங்கச்சி? நைட்ல தூக்கமே வர்ல" என்றார்.

"நீங்க கட்டலைன்னா நான் இன்னிக்கு இருந்திருக்கவே மாட்டேன் அண்ணா" என்றாள் என் மனைவி.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழு மீன்களையும் வாளியில் போட்டுக் கோவளம் கடலிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த விரல் அடிக்க வேண்டிய ஆறு எழுத்துகளை நடுவிரலுக்குப் பழக்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. முதல் இரண்டு மாதம் இரவில் சாப்பாட்டு மேசையின் மேல் வெறும் விரல்களால் தட்டித் தட்டிப் பார்ப்பாள். அப்படித் தட்டும்போது குட்டையாகிப்போன அந்த விரலும் தானாகக் கீழே போய் எதையும் தொடாமல் திரும்பும்.

வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். தெருவில் புதிதாக யார் குடிவந்தாலும், தான் கயிறு கட்டி ஓர் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொல்வார். இவள் பக்கத்தில் நின்று "ஆமாங்க" என்பாள். அவர் உள்ளே போனதும் அவர்களிடம் மெதுவாக, கடல் முள் குத்தினால் கட்டுப் போடாதீர்கள், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பாள்.

ஆஸ்பத்திரி, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். அந்த மாத வாடகை எண்ணூறை வீட்டுக்காரர் வாங்க மறுத்துவிட்டதால், அதைக் கழித்து எண்ணாயிரத்து அறுநூற்று எண்பது என்று அவளிடம் சொன்னேன். "கழிக்காதீங்க, கழிச்சா அது அவர் தப்புன்னு ஆயிடும்" என்றவள், மறுநாளே கீழே இறங்கிப் போய் அந்த எண்ணூறை அவர் மனைவியின் கையில் திணித்துவிட்டு வந்தாள். அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. எல்லாவற்றையும் எண்ணிப் பழகிய நான், யார் கேட்டாலும் இன்றுவரை ஒன்பதாயிரத்து நானூற்று எண்பது என்றே சொல்கிறேன்.