பால் தொடாமல் கொழும்புக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, உரும்பிராய்ச் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறியபோது என் கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் இரண்டு சீலைகள், மற்றதில் சாப்பாடு. சாப்பாட்டுப் பைதான் பாரம். இது எண்பத்து நான்காம் ஆண்டு வைகாசி மாதத்துப் பயணம்.

மச்ச மாமிசத்தோடு பால், தயிர், நெய்யும் தொடாத ஒருத்தி கொழும்புக்குப் போய்வர முடியுமா என்று ஊரில் பலர் கேட்டார்கள். முடியும். நான் போய் வந்திருக்கிறேன்.

பால் ஏன் குடிப்பதில்லை என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்கு மூன்று வருடம் முன் எங்கள் பசுவின் கன்று செத்தது. கன்று இல்லாவிட்டால் பசு பால் விடாது. அதற்காக அந்தக் கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்தினார்கள். பசு அதை நக்கியது. பால் இறங்கியது. நான் அன்றோடு விட்டுவிட்டேன். இதைச் சைவ ஒழுக்கம் என்றும் சொல்லவேண்டாம், விசர் என்றும் சொல்லவேண்டாம். நான் கண்டதை நீங்கள் காணவில்லை, அவ்வளவுதான்.

பயணத்தின் காரணம் தங்கை பவானியின் கல்யாணம். தாய் தகப்பன் இல்லை, மூத்தவள் நான். மாப்பிள்ளை கொழும்பில் வேலை. வெள்ளவத்தையில் தாயோடு இருக்கிறான். பூர்வீகம் கரவெட்டி. சாதகம் பொருந்திவிட்டது. இனிப் பெண் பகுதியில் ஒருவர் போய்க் கதைக்க வேண்டும். அந்த நாளில் இளம் ஆண்கள் ரயிலேறினால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. என் கணவருக்கு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஆகவே நானும் அறுபது வயதுத் தரகர் வேலாயுதம் அண்ணையும் புறப்பட்டோம். இந்தச் சம்பந்தம் குழம்பினால் பவானிக்கு இன்னொன்று வருமோ தெரியாது. அவளுக்கு வயது முப்பத்திரண்டு.

சாப்பாட்டை நான் யோசித்துத்தான் கட்டினேன். பிட்டும் இடியப்பமும் பின்னேரம் புளித்துவிடும், அவற்றை நம்பக்கூடாது. முதல் நாள் மத்தியானத்துக்கு வாழையிலையில் புளிச்சாதம். மற்ற நேரத்துக்குப் பொரிவிளாங்காய், எள்ளுப்பாகு, நல்லெண்ணெயில் பொரித்த பயற்றம் பணியாரம். தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி. ஒரு பெரிய போத்தலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

யாழ்தேவி ரயிலில் எனக்கு எதிரே குருநகர்ப் பெண் ஒருவர் இருந்தார். கழுத்தில் செபமாலை, காலடியில் கருவாட்டுப் பெட்டி. கொச்சிக்கடையில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோகிறார். பளையில் பால் தேத்தண்ணீர் வாங்கி எனக்கும் நீட்டினார். நான் மறுத்துக் காரணம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மீனும் இல்லை, பாலும் இல்லை. பிறகு என்னத்துக்கடி பிறந்தனி?"

எனக்குக் கோபம் வரவில்லை. முகத்துக்கு நேரே கேட்பவர்களோடு எனக்குப் பிரச்சினை இல்லை. சிரித்துவிட்டு அவரே ஒரு நல்ல புத்தியும் சொன்னார். கொழும்பில் தேங்காய்ச் சம்பலுக்கும் பருப்புக்கும்கூட மாசிக் கருவாடு இடித்துப் போடுவார்களாம். கேட்காமல் வாயில் வைக்கக்கூடாது. போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வவுனியாவில் ஆமிக்காரர்கள் ஏறினார்கள். ஒருவன் என் பையைத் திறந்து ஒரு பொரிவிளாங்காயைக் கையில் எடுத்தான். உருண்டையாய், கல்லுப்போல, பாரமாய் இருந்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. குண்டோ என்று மற்றவனைக் கூப்பிட்டான். நான் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து அவன் முன்னாலேயே கடித்தேன். பல் நொந்தது. மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையில் இருந்ததையும் கொண்டே போய்விட்டான்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கோட்டை ஸ்ரேசனில் இறங்கி, நூறாம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய், காலி வீதியில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். போன ஆடிக் கலவரத்தில் எரிந்த கடைகள் சில இன்னும் கரிச்சுவரோடு நின்றன. அவற்றின் நடுவே ஒரு சைவக்கடை திறந்திருந்தது. சைவக்கடை என்று பலகையில் எழுதியிருந்தால் மச்சம் இருக்காது, அவ்வளவுதான். தோசைக் கல்லில் நெய் தடவுவார்கள். தேத்தண்ணீர் என்றால் பாலோடுதான் வரும். நான் நேரே தோசை சுடுபவரிடம் போய், நல்லெண்ணெயில் சுடுங்கள், சட்னிக்குத் தயிர் விடவேண்டாம், தேத்தண்ணீர் வெறுமையாய் வேண்டும் என்றேன். அவர் முகம் சுளித்தார், ஆனால் செய்து தந்தார். வெட்கப்படுகிறவர்கள்தான் இந்த ஊரில் பட்டினி கிடப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நடக்கும்போது வேலாயுதம் அண்ணை தணிந்த குரலில் கெஞ்சினார்.

"பிள்ளை, உந்தப் பால் கதையை அங்கை எடுக்காதை. பொம்பிளை பகுதிக்கு மூளை பிசகு எண்டு நினைப்பினம்."

வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்று ஒருநாள்தான். அதற்கான பலன் உடனேயே கிடைத்தது.

வீடு ஒரு ஒழுங்கையில் இருந்தது. கதவில் கோடாலி விழுந்த இடத்தைப் புதுப் பலகையால் அடைத்திருந்தார்கள். உள்ளே நான்கு கதிரைகள், ஒரு மேசை. எல்லாம் புதுசு, பழையது ஒன்றுமே மிச்சமில்லை. மாப்பிள்ளையின் தாய் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த மனுசி. நான் மாமி என்றேன். அவர் பீங்கான் கோப்பைகளில் ரின்னில் அடைத்த பால் விட்ட தேத்தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு வேண்டாம் என்றேன். அப்படியானால் பால் காய்ச்சித் தரட்டா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். வடைத் தட்டை நீட்டினார். பக்கத்தில் தயிர்க் கிண்ணத்தைக் கண்டு அதற்கும் கையெடுக்கவில்லை.

வேலாயுதம் அண்ணை நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ. அவ தனக்குச் சாப்பாடும் தண்ணியும் ஊரிலையிருந்து கொண்டு வந்திட்டா."

இதைவிடப் பாழான வார்த்தை ஒன்றை யாழ்ப்பாணத்தானால் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய் வாய் நனைக்காமல் எழும்பினால் அதற்கு ஒரே கருத்துத்தான்: உங்களை எங்களுக்குச் சமமாக எண்ணவில்லை. இந்த ஈனமான பழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியாது. என்னைப்போல் நாலு பேர் வாய் திறந்து பேசியிருந்தால் எப்போதோ ஒழிந்திருக்கும்.

மாமி தட்டை மேசையில் வைத்தார்.

"போன வருசம் உடுத்த சீலையோடை கப்பலிலை காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினனாங்கள். ஒரு வீட்டிலை முத்தத்திலை வைச்சுச் சிரட்டையிலை தண்ணி தந்தவை, நாங்கள் ஆரெண்டு தெரியாதாம். நீங்களும் விசாரிச்சுப்போட்டு வந்திருக்கலாம். எழும்புங்கோ."

அவரது மகன் உள்வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தான். வேலாயுதம் அண்ணை குடையைத் தேடினார். நான் எழும்பினேன், ஆனால் தெருவாசலுக்குப் போகவில்லை. நேரே குசினிக்குள் போனேன். மாமி பின்னாலேயே வந்தார். மூலையில் மண்பானை இருந்தது. அதன் மேல் அவர்கள் அன்றாடம் எடுத்துக் குடிக்கிற தம்ளர். தண்ணீரை மொண்டு, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு அடுப்படியில் நிலத்தில் இருந்தேன்.

"மாமி, நான் மூண்டு வருசமாய்ப் பால் தொடுறேல்லை. என்ரை வீட்டிலையும் தொடுறேல்லை. சோறு கிடந்தால் போடுங்கோ, பசிக்குது."

தோல் கன்றின் கதையையும் அங்கேயே இருந்து சொன்னேன். மாமி மத்தியானச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டார். பருப்பில் மாசி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆமிக்காரனுக்கு முன் கடித்ததைவிட இது சுகமாக இறங்கியது. ஆனால் கல்யாணப் பேச்சு ஒன்றும் எழும்பவில்லை. பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் மறுப்புத்தான். பவானிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு லொட்ஜுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை கோட்டை ஸ்ரேசனில் யாழ்தேவி நின்றது. இடம் பிடித்து இருந்த பிறகு யன்னலில் யாரோ தட்டினார்கள். பார்த்தால் மாமி. முதல் பஸ்ஸில் மகனோடு வந்திருந்தார். வாழையிலைப் பார்சல் ஒன்றை யன்னலால் உள்ளே தந்தார்.

"இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். நெய்யில்லை, மோரில்லை, மாசியில்லை. பின்னேரத்துக்கிடையிலை சாப்பிட்டிடு, புளிச்சிடும்."

அது எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன். வண்டி ஊதியது. மாமி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே இரண்டடி நடந்தார்.

"அதுசரி பிள்ளை, கலியாணத்தண்டு மாப்பிளைக்குப் பாலும் அறுகும் தலையிலை வைக்கேக்கை நீ என்ன செய்வாய்?"

"அது தலைக்கு மாமி. வாய்க்கில்லை."

மாமி முதன்முறையாகச் சிரித்தார். வண்டி வேகம் எடுத்ததும் கம்பியை விட்டுவிட்டார். அது சம்மதம் என்று வேலாயுதம் அண்ணைக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் தரகுக் கூலியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

பொல்காவலை தாண்டியதும் பார்சலைப் பிரித்தேன். கொழும்புக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பயணத்துக்குச் சாப்பாடு கட்டுங்கள், கடையில் கேட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் ஒரு வீட்டுக்குள் போனால் கட்டிக்கொண்டு போனதை வெளியில் வைத்துவிடுங்கள். பால் வேண்டாம் என்றால் வாசலிலேயே வாய் திறந்து சொல்லுங்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பானைத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் போத்தல் திறக்காமலே ஊருக்குத் திரும்பி வந்தது.