வாயில் வராத அந்தக் கேள்வி

சென்ற ஐப்பசி மாதம், டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் உள்ள ஒரு மனநல வார்டின் உடுப்பு மாற்றும் அறையில் நின்று நான் அழுதேன். நாற்பது வயதைத் தாண்டி, தாதியர் படிப்பில் பாதிக்கு மேல் வந்துவிட்ட எனக்கு, "இப்படியே போனால் உன்னைச் சித்தியடைய வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என்ன முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை. அந்த நாட்களில் ஆண்டவர் எனக்குச் செய்ததை நம் சபையாருக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்கு: என் பெயர் சுகந்தி. ஹோர்சன்ஸில் கணவர் ரூபனோடும் மகள் அபியோடும் இருக்கிறேன். பல வருடங்கள் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்தேன். அங்கே எங்கள் ஊர் அம்மா ஒருவர் இருந்தார். தலை எரிகிறது, நெஞ்சு பாரமாக இருக்கிறது, வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்வார். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். அவருக்கு நொந்தது மனம் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தமிழ் தெரிந்த ஒரு மனநலத் தாதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஜெபித்தேன். "அப்ப நீரே படியுமன்" என்று ரூபன் சொன்னார். அப்படித்தான் இந்த வயதில் புத்தகம் தூக்கினேன்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். மனநல வார்டில் பயிற்சி என்றதும், கதைக்கிற வேலைதானே, வெளுத்து வாங்கிவிடலாம் என்றுதான் போனேன். முதல் கிழமைகளில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நோயாளிகள் என்னைத் தேடி வந்து பக்கத்தில் இருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் ஒரு பெண்மணி, "எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது, சுகந்தி" என்றார். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நான் என்ன செய்தேன்? நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். "சேச்சே, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று முதுகைத் தடவினேன். கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு துண்டு கேக்கும் வைத்தேன். அவர் சிரித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

என்னைப் பயிற்றுவித்த தாதி பிர்கிட் அதைக் கேட்டதும் எழுந்து அந்தப் பெண்மணியிடம் போனார். அருகில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், "உங்கள் உயிரை எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று கேட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். அந்தப் பெண்மணி "ஆம்" என்றார். பிறகு நெடுநேரம் பேசினார். என் கோப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நானும் கேட்க வேண்டும் என்றார்கள். என்னால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வாய் வரை வரும், தொண்டையில் நின்றுவிடும். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் "வாயைக் கழுவு" என்பார்கள். நம் ஆட்களுக்குக் கேள்விக்கா பஞ்சம்? சம்பளம் எவ்வளவு, வீடு எத்தனைக்கு வாங்கினீர்கள், மகளுக்கு ஏன் இன்னும் ஒன்றும் சரிவரவில்லை, கொஞ்சம் உடம்பு வைத்துவிட்டீர்களே என்று முன்பின் தெரியாதவரிடமும் கேட்போம். இதை மட்டும் கேட்க மாட்டோம். நான் சுற்றி வளைத்து, "நித்திரை எப்படி? மனம் எப்படி?" என்று கேட்டுவிட்டு நழுவினேன். பிர்கிட் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"நீ அன்பானவள்," என்றார் அவர். "ஆனால் உன் அன்பு அவர்களை வாய்மூட வைக்கிறது. கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால் வெளியே வரும். இதைக் கேட்கப் பழகாதவரை நான் கையெழுத்து வைக்க மாட்டேன்." அன்றுதான் உடுப்பு மாற்றும் அறையில் அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் எஸ்தர் அக்கா பதறிப்போனார்.

"ஐயோ பிள்ளை, அந்தச் சொல்லை உம்மட வாயால சொல்லாதையும். சாத்தானுக்கு நாங்களே கதவு திறந்து விடுற மாதிரி."

அவரைக் குறை சொல்லவில்லை. எனக்குள்ளும் அதே பயம்தான் இருந்தது. ஆனாலும் வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன். ஹோர்சன்ஸிலிருந்து ஓகூஸுக்குப் போகும் ரயிலில் கண்ணை மூடி, "ஆண்டவரே, என் நாக்கை அவிழ்த்துவிடும். என்னைச் சித்தியடையப் பண்ணும்" என்று கெஞ்சினேன். படிப்புத்தான் என் பாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிர்கிட் ஒரு வழி சொன்னார். முதலில் தனியாக, சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு யாராவது ஒருவரை எதிரே இருத்திக் கேட்க வேண்டும். சைக்கிளில் ரயில் நிலையத்துக்குப் போகும்போது, எதிர்க்காற்றில், அந்த டெனிஷ் வசனத்தைக் கத்திக் கத்திச் சொன்னேன். நாயோடு நடந்து வந்த ஒருவர் என்னை நிறுத்தி, "நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று விசாரித்தார். வெட்கத்தில் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டோம். அபி ஹேண்ட்போல் விளையாடப் போய்விட்டாள். ரூபன் சோபாவில் இருந்தார். தொழிற்சாலையில் முதுகு அடிபட்டதிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. பேச்சும் குறைந்திருந்தது. யார் கேட்டாலும், "இப்ப பரவாயில்லை, கர்த்தர் நடத்துறார்" என்பார். சபை முழுவதும் அவருடைய முதுகுக்காக ஜெபித்தது. நானும்தான்.

"இஞ்சருங்கோ, கொஞ்ச நேரம் எனக்கு நோயாளியா இருங்கோவன். கேட்டுப் பழகவேணும்."

"நான் நோயாளிதானே. நடிக்கவும் வேணுமோ?" என்று சிரித்தார். "சரி, வாரும். என்ர பேர் ஹன்ஸ்."

வகுப்பில் படித்தபடி கதிரையைச் சற்றுச் சாய்வாகப் போட்டு உட்கார்ந்தேன். டெனிஷில் தொடங்கினேன். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, நாள் எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஹன்ஸ் கட்டைக் குரலில் ஏதேதோ பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மூச்சை இழுத்து, உள்ளுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதல் தடவையாக ஒரு சொல்லும் விழுங்காமல், ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்தார்.

"சொல்லுங்கோவன். மறுமொழி சொன்னால்தானே நான் அடுத்ததைக் கேக்கலாம்."

"ஓம், இருக்கு," என்றார்.

"ஹன்ஸுக்குத் தமிழ் தெரியாது. டெனிஷில சொல்லுங்கோ."

அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஹன்ஸ் இல்லை, சுகந்தி. நான்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள், பிள்ளையை நினைச்சுப் பாருங்கோ" என்ற வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. இன்னொரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். அவரும், "சும்மா பகிடிக்குச் சொன்னனான்" என்று சொல்லி எழும்பிப் போயிருப்பார். அந்த வார்த்தைகளை என் வாயிலிருந்து எடுத்துப் போட்டவர் ஆண்டவர். நான் அதை உறுதியாக நம்புகிறேன். என் இயல்பு எனக்குத் தெரியும், அடக்கிக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

தமிழில் அந்தக் கேள்விக்கு நான் பழகியிருக்கவில்லை. ஆனாலும் வார்த்தை வந்தது. "எவ்வளவு காலமா?" என்று கேட்டேன். "எப்பிடிச் செய்யிறதெண்டும் யோசிச்சு வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். யோசித்துத்தான் வைத்திருந்தார். என்னைப் பற்றி, அபியைப் பற்றி, தான் எங்களுக்குப் பாரம் என்று நினைத்ததைப் பற்றியெல்லாம் சொன்னார்.

"உம்மட படிப்பைக் குழப்பக் கூடாதெண்டுதான் சொல்லேல்லை. இண்டைக்கு நீர் கேக்காட்டி சொல்லியே இருக்க மாட்டன்."

அழுதேன், மறைக்கவில்லை. அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டே மனநல அவசரப் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். நான்தான் கார் ஓட்டினேன். வழியெல்லாம் சத்தமாக ஜெபித்தேன். அவர் தடுக்கவில்லை. கடைசியில் அவரும் "ஆமென்" என்றார்.

அவர் பல வாரங்கள் அங்கே தங்கினார். எனக்கு ஒரே ஆறுதல், அது நான் பயிற்சி செய்த வார்டு இல்லை. பிர்கிட்டிடம் போய், என்னால் தொடர முடியாது என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "இப்போது நீ மாணவி இல்லை, மனைவி. வீட்டுக்குப் போ" என்றார். அந்தப் பயிற்சி எனக்குச் சித்தியில்லாமலே முடிந்தது. ரயிலில் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதை ஆண்டவர் தரவில்லை என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள். நானும் சில நாட்கள் அப்படி நினைத்தேன். ஆனால் நான் கேட்டவை இரண்டு. நாக்கை அவிழ்த்துவிடும் என்பதை அவர் முதலில் எடுத்துக்கொண்டார். எது அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பரீட்சைக்கென்று கேட்ட நாக்கை அவர் என் வீட்டுக்காகத் தந்தார்.

எஸ்தர் அக்கா புட்டும் கறியும் கட்டிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தார். வாசலில் நின்று என்னிடம், "நான் என்ன கதைக்கிறது பிள்ளை, பயமாக் கிடக்கு" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். உள்ளே போய், ரூபனின் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, உள்ளுக்க என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடியும்வரை பேசாமல் இருந்தார். அக்கா பேசாமல் இருந்தார் என்பதையே தனிச் சாட்சியாக எழுதலாம்.

வசந்தத்தில் நான் பயிற்சிக்குத் திரும்பினேன். இந்தத் தடவை கேட்டேன், தேவைப்பட்ட ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பிர்கிட் கையெழுத்து வைத்தார். படிப்பு முடிய இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. முடிந்ததும் மனநலப் பிரிவில்தான் வேலை தேடப் போகிறேன். ரூபன் இப்போதும் மாத்திரை எடுக்கிறார், வாரத்தில் ஒரு நாள் மனநல ஆலோசகரிடம் கதைக்கப் போகிறார். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று யாராவது கேட்டால், முதுகுக்கு மாத்திரை எடுத்தபோது ஏன் கேட்கவில்லை என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டையும் தந்தவர் ஒருவரே.

அன்பானவர்களே, இந்த வாரம் ஜெபிக்கும்போது யாருடைய பெயராவது உங்கள் மனதில் வந்தால், ஆமெனோடு நிறுத்திவிடாதீர்கள். எழுந்து போய், பக்கத்தில் உட்கார்ந்து, நேராகக் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வந்தால் தனியே விடாதீர்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். அந்த எண்ணம் உங்களுக்கே இருந்தால், யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். கர்த்தர் உங்களைக் கைவிடவில்லை. ஒரு மனிதரின் வாயில் தம் கேள்வியை வைத்து அனுப்புகிறவர் அவர்.

இதை எழுதட்டுமா என்று ரூபனிடம் கேட்டேன். முழுவதையும் வாசித்தார். தன் பெயரையும் போடச் சொன்னார். பிறகு சொன்னார்:

"சபையில எல்லாரும் எனக்காகச் செபிச்சவை. அதாலதான் நீர் கேட்டனீர். நீர் கேட்டதாலதான் நான் இருக்கிறன். இதையும் எழுதும்."

எழுதிவிட்டேன்.