எல்மர் டூலிக்கு ஒரு செபம்

பார்க்டேலில் ஒரு பழைய மாடிக் கட்டடத்துக்கு ஜூலியஸ்தான் சூப்பர், அதாவது பராமரிப்பாளர். குழாய் ஒழுகினாலும் அவர், லிஃப்ற் நின்றாலும் அவர். பந்தென்றால் காலால் உதைப்பது என்று சொந்த ஊரான பேசாலையில் வளர்ந்த மனுசன். பேஸ்போல் ஆட்டம் ஒன்றைக்கூட முழுதாக இருந்து பார்த்ததில்லை. ஆனாலும் அறுபத்திரண்டாம் ஆண்டு பேஸ்போல் அட்டைகளைப் பற்றி அவரிடம் தெரியாத்தனமாக வாய் திறந்தீர்களோ, உங்கள் தேத்தண்ணி ஆறிவிடும்.

எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டியால் வந்த வினை. வீடு காலி செய்துபோன ஒருவர் அலுமாரிக்குள் விட்டுப்போனது அது. போனில் கேட்டதற்கு "எறிந்துவிடு" என்றார். எறியப் போன ஜூலியஸ் மூடியைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சூயிங்கத்தோடு கொடுத்த அட்டைகள். முன்னால் ஆட்டக்காரரின் படம். பின்னால் பிறந்த ஊர், பிறந்த திகதி, பொடிப்பொடியாக இலக்கங்கள். அந்த இலக்கங்கள் என்னவென்று அறியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அறிந்த பிறகு, மிச்ச அட்டைகள் எங்கே என்று அறியாமல் இறங்கவில்லை.

இருபது வருடத் தேடலில் அல்பம் தடித்துவிட்டது. பிளாஸ்ரிக் பைகளில் ஒரேயொரு பைதான் வெறுமை. அது எல்மர் டூலியின் இடம். டூலி ஒரேயொரு பருவம் ஆடியவர். அதிலும் பாதி நாள் மாற்று ஆளாக வாங்கில் குந்தியிருந்தவர். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அகப்பட்டுவிட, இந்த ஆள் மட்டும் ஏன் அகப்படவில்லை? ஜூலியஸ் அதையும் துருவாமல் விடவில்லை. கோடை முடியும்போது பிள்ளைகளின் மனம் ஹொக்கிக்குத் தாவிவிடும். அதனால் கடைசியாக வந்த அட்டைகளைக் கொஞ்சமாகத்தான் அச்சடித்தார்களாம்.

போன ஒக்ரோபர் கடைசியில் டூலி அகப்பட்டார். ஹமில்ரனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், வேறு அட்டைகளை வாங்கிக்கொண்டு அவரைத் தந்தார். ஜூலியஸ் குசினி மேசையில் அட்டையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்த நேரம் பார்த்து மேல்மாடியில் குழாய் வெடித்தது. தெப்பமாக நனைந்து திரும்பி வந்தபோது மேசையில் ஒன்றுமில்லை.

"யூஜினி, இதில ஒரு பேஸ்போல் அட்டை கிடந்ததே?"

"உங்கட பேஸ்போல் ஒண்டையும் நான் காணேல்லை" என்றார் மனைவி. பொய்யில்லை. அவர் கண்டது வேறு.

ஜூலியஸ் குப்பை வாளியைக் கொட்டிப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியை நகர்த்திப் பார்த்தார். அழாத குறைதான்.

கார்த்திகை, கத்தோலிக்கருக்கு இறந்த ஆன்மாக்களின் மாதம். மாலைச் செபமாலை முடிந்ததும் யூஜினி செபப் புத்தகத்துக்குள் இருக்கும் நினைவு அட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பார். படமும் பெயரும் பிறந்த, இறந்த திகதிகளும் போட்டு, செத்தவீட்டு ஆட்கள் பூசைக்கு வருபவர்களுக்குக் கொடுப்பவை. பெயரை வாசித்து, செபித்து, உதட்டில் ஒற்றி முத்தி செய்து வைப்பார். வழக்கமாக அந்த நேரம் ஏதாவது குழாயோடு மல்லுக்கட்டும் ஜூலியஸ் ஒருநாள் பக்கத்தில் இருந்தார்.

"எல்மர் டூலி. நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே..."

ஜூலியஸ் துள்ளி எழும்பினார்.

"உந்த அட்டையை எங்க எடுத்தனீர்?"

"மேசையில கிடந்தது. ஆரோ செத்தவீட்டில தந்ததெண்டு நினைச்சன்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அல்பத்தைத் தொட ஜூலியஸ் யாரையும் விடுவதில்லை. டூலியின் படத்திலோ தொப்பியுமில்லை, மட்டையுமில்லை. கழுத்துவரை ஓர் அமைதியான முகம் மட்டும்.

"இவர் எப்ப செத்தவர்?" என்று யூஜினி கேட்டார். "பிறந்த திகதி மட்டும்தான் கிடக்கு. மற்றதை அடிக்க மறந்திட்டாங்கள் போல."

டூலி எத்தனை பந்து தவறவிட்டார் என்று ஜூலியஸுக்குத் தெரியும். எந்தக் கையால் எறிந்தார் என்று தெரியும். இருபது வருடம் தேடிய ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே! அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் காலை ஹமில்ரன் கிழவருக்குப் போன் எடுத்தார். கிழவர் சிரித்தார். டூலி உயிரோடுதான் இருக்கிறார். ஒஹாயோவில் ஒரு முதியோர் இல்லத்தில். முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன.

"ஐயோ மாதாவே! உயிரோட இருக்கிற மனுசனுக்கெல்லோ இளைப்பாற்றி கேட்டுக்கொண்டிருந்தனான்!" யூஜினி நெஞ்சில் கை வைத்தார். அட்டையைக் கணவரிடம் நீட்டினார். முத்தி செய்து செய்து ஒரு மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தது. ஜூலியஸ் அல்பத்தைத் திறந்தார். அட்டை பையின் வாய்வரை போய்விட்டது.

"அந்த மனுசனைப் போய்ப் பாக்க ஆராவது இருக்கினமோ?"

அதையும் அவர் கேட்டிருக்கவில்லை. அட்டையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அந்த இல்லத்தின் போன் இலக்கம் கேட்க மறுபடி ஹமில்ரன் கிழவருக்குப் போனை எடுத்தார்.

டூலி இப்போது செபப் புத்தகத்தில், நோயாளிகளுக்கான செபங்கள் உள்ள பக்கத்தில் இருக்கிறார். அல்பத்தைப் புரட்டும் நண்பர்கள் வெறும் பையைக் காட்டி, "ஒண்டு குறையுதே, அண்ணை" என்பார்கள்.

"குறையேல்லை" என்பார் ஜூலியஸ். "ஆள் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் போனில கதைச்சனான்."