சொட்டாத கீசர்

ஸ்டூல் மேல் ஏறி, கையில் இரண்டு ஒயரைப் பிடித்துக்கொண்டு, முறுக்கிவிடலாமா என்று நான் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. அன்றைக்கு முறுக்கியிருந்தால் இதை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் திருச்சியில் கீசர் ரிப்பேர் பார்த்தவன். வாய் ஜாஸ்தி, கர்வம் அதைவிட ஜாஸ்தி. எங்கள் சர்வீஸ் கடையில் புது கீசர் பெட்டிகள் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். நான் போகிற வீட்டிலிருந்து ஒரு பெட்டிக்குக்கூட ஆர்டர் வராது. பழசை எப்படியாவது ஓட வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

“சேகரு, நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா? செத்ததையெல்லாம் எழுப்பிவிட்டுட்டு வந்துடுற. நான் கடைய இழுத்துப் பூட்டிட்டுப் போகவா?”

“ஓடுறத எதுக்குண்ணே மாத்தணும்?” என்பேன். அதில் எனக்கு அப்படி ஒரு குஷி.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு மாமி. ஸ்கூல் டீச்சராக இருந்து ரிடயர் ஆனவர். அவர் வீட்டு இருபத்தைந்து லிட்டர் கீசருக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டை மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் போன் வந்தது.

“சேகர், கீசர் போட்ட பத்து நிமிஷத்துல தானே ஆஃப் ஆயிடறது. நாளைக்குக் காலம்பற பொண்ணும் குழந்தையும் ஆஸ்பத்திரிலேர்ந்து ஆத்துக்கு வரா. குழந்தை பொறந்து அஞ்சு நாள்தான் ஆறது. வெந்நீர் இல்லாம என்ன பண்றது? சித்த வந்துட்டுப் போங்கோ.”

போனேன். சுவிட்சை அணைத்துக் கீழ் மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. கட்-அவுட் விழுகிறது. தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் கரண்டை நிறுத்துகிற சின்னப் பொருள் அது. அதை ஒதுக்கிவிட்டு இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்துவிட்டால் கீசர் ஓடும். எங்கள் தொழிலில் அதற்கு ‘டைரக்ட் கொடுப்பது’ என்று பெயர். புது பார்ட் வருகிறவரைக்கும் என்று சொல்லி ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். மறைப்பானேன், நானும் செய்திருக்கிறேன்.

“டைரக்டா குடுத்துடறேன் மாமி. நாளைக்கு வந்து பார்ட் போட்டுடறேன்.”

“உங்களுக்குத் தெரியாததா? பண்ணுங்கோ.”

ஒயரைப் பிடித்தேன். பிடிமானத்துக்காக இடது முழங்கையைக் கீசர் மேல் சாய்த்தேன். அது உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் புடைத்திருந்தது. காதை வைத்தேன். உள்ளே ‘டொக், டொக்’ என்று சத்தம். ஒயரை விட்டுவிட்டேன்.

கீழே இறங்கி, தண்ணீர் உள்ளே போகிற பைப்பில் இருக்கும் சேஃப்டி வால்வைப் பார்த்தேன். தண்ணீர் சூடாகும்போது உப்பும். உப்பியதற்கு டேங்க்கில் இடம் இல்லாததால், கொஞ்சம் இந்த வால்வின் ஓட்டை வழியாகச் சொட்டிவிடும். கீசர் மூச்சுவிடுவது அப்படித்தான்; அதை அடைத்தால் அழுத்தம் ஏறி டேங்க் வெடித்துவிடும். அந்த ஓட்டையில் பைப் ஒட்டுகிற வெள்ளைப் பேஸ்ட் கெட்டியாக அடைத்திருந்தது.

“மாமி, இது யாரு வெச்சது?”

“நான்தான். மூணு வருஷமாச்சே. எந்நேரமும் சொட்டிண்டே இருந்தது. ஆத்துல தீர்த்தம் சொட்டினா ஐஸ்வர்யம் தங்காதும்பா.” அப்புறம் ஒரு வார்த்தை சேர்த்தார். “நீங்ககூடப் போன தடவை, ‘ஒரு சொட்டு இல்ல பாருங்க, டேங்க்னா இதுதான் டேங்க். இன்னும் அஞ்சு வருஷம் கவலையே வேண்டாம்’னேளே.”

சொன்னேன். கண் எதிரே இருந்த அடைப்பைப் பார்க்காமல், சொட்டவில்லை என்று டேங்க்கைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனவன் நானேதான். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

“மாமி, ஒண்ணும் கேக்காதீங்க. வாசல்ல போய் நில்லுங்க.”

மெயினை அணைத்தேன். தண்ணீர் லைனை மூடினேன். ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஓரமாக நின்று வெந்நீர்க் குழாயை நூலளவு திருப்பினேன். குக்கர் விசில் மாதிரி ஆவி கிளம்பியது. செம்மண் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சி எதிர்ச் சுவரெல்லாம் தெறித்தது. நின்றபாடில்லை. அந்தச் சத்தம் அடங்கி, குழாயில் சாதாரணமாகத் தண்ணீர் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாமியைக் கூப்பிட வெளியே வந்தவன் அடுத்த ரூமைப் பார்த்துவிட்டேன். கீசர் மாட்டியிருந்த அதே சுவரை ஒட்டி, அந்தப் பக்கம், பிள்ளைக்குத் தூளி கட்டித் தயாராக இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமி எதிரில் வந்து நின்றார். “அந்தப் பேஸ்டை எடுத்துட்டு வேற வால்வு போட்டாப் போறாதா?”

“போதாது மாமி. டேங்க்கே உப்பிப்போச்சு. இனிமே இது எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியாது. போன தடவை தெரிஞ்ச மாதிரி பேசினது என் திமிரு.”

கடைக்குப் போன் போட்டேன். “அண்ணே, புது பீஸ் ஒண்ணு வேணும். இன்னிக்கே.”

“யாரு பேசுறது?” என்றார் முதலாளி.

“சேகர்தாண்ணே.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று கேட்டவர், நான் விஷயத்தைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மறுபடியும் இருபத்தஞ்சே அனுப்பவா?”

“வேண்டாம். வீட்டுல மூணே ஜீவன். பதினஞ்சு லிட்டர் போதும். போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி. உள்ளே கிளாஸ் கோட்டிங் இருக்கறதா பாத்து அனுப்புங்க. வால்வும் புதுசு.”

பெட்டி வருவதற்குள் பழசை இறக்கினேன். உள்ளே இருந்து உப்புப் பாறையாக அரை வாளி கொட்டியது. பழைய ஆணியில் புதுசை மாட்டவில்லை. தூளிச் சுவரை விட்டுவிட்டு, கொல்லைப்பக்கச் சுவரில் புதிதாகத் துளை போட்டேன். பைப்பைத் திருப்பி, எர்த் இருக்கிறதா என்று இரண்டு தடவை செக் பண்ணினேன். பசி, தாகம் எதுவும் தெரியவில்லை. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு வேகத்தோடு நான் வேலை பார்த்ததில்லை.

கீசரைப் போட்டதும் புது வால்வு சொட்ட ஆரம்பித்தது. மாமி முகம் சுருங்கியது. அடைக்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் மனசு கேட்கவில்லை. நான் போன பிறகு பேஸ்ட் டியூபைத் தேடமாட்டார் என்று என்ன நிச்சயம்? ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தேன். துளசி மாடம் இருந்தது. வால்வில் ஒரு நீளமான டியூபைச் செருகி, சுவர் வழியாக வெளியே விட்டு, மாடத்து மண்ணில் கொண்டுபோய் முடித்தேன். அவ்வளவு தூரம் வருவதற்குள் ஆறிவிடுகிறதா என்று கையில் பிடித்துப் பார்த்தேன். ஆறியிருந்தது.

மாமி சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். “துளசிக்குப் போறதுன்னா சொட்டட்டும்” என்றார்.

மறுநாள் பத்து மணிக்குப் போன். பின்னால் குழந்தை வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்றோ என்று எனக்குப் பதறியது.

“ஒண்ணுமில்ல சேகர். பொண்ணு குழந்தையை வெந்நீர்ல தீர்த்தமாட்டிண்டிருக்கா, அதான் ஊரைக் கூட்டறது. கொல்லைல போய்ப் பாத்தேன். நன்னா சொட்டறது.”

இப்போதும் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு, “பழைய கீசர மாத்தணுமா, ரிப்பேர் பண்ணணுமா?” என்று. எத்தனை வருடம் ஆச்சு என்று நான் முதலில் கேட்பதில்லை. “சொட்டுதா?” என்றுதான் கேட்கிறேன். இல்லவே இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதை அணைக்கச் சொல்லிவிட்டு அப்போதே வண்டியை எடுத்துவிடுவேன்.